ஊசிக் கணக்கில் நோய் அடங்காது

மாடுகளிடையே கோமாரியோ தோல் கழலையோ கிளம்பியதும் வேலூர், இராணிப்பேட்டை, திருப்பத்தூர் என மூன்று மாவட்டங்களிலும் ஒரே பேச்சுதான் கேட்கும். இத்தனை ஆயிரம் மாடுகளுக்கு ஊசி போட்டாயிற்று, சந்தையையும் மூடியாயிற்று, இதற்கு மேலும் நோய் பரவினால் அது மாடு வளர்ப்பவர்களின் அறியாமை. அவர்கள் முகாமுக்கு மாட்டைப் பிடித்து வருவதில்லை, நோயைச் சொல்லாமல் மறைக்கிறார்கள், நோய் கண்ட மாட்டை இரவோடு இரவாகத் தள்ளிவிடுகிறார்கள். அதிகாரிகள் இப்படிப் பேசுவதில் வியப்பில்லை. படித்தவர்கள், பத்திரிகை எழுதுபவர்கள், பாக்கெட் பால் வாங்கிக் குடிப்பவர்கள் எல்லாருமே இதை நம்புகிறார்கள். இந்த நம்பிக்கை தவறானது, நோயை வளர்ப்பதும் இதுவே என்பது என் வாதம். சான்று தேடி வெகுதூரம் போக வேண்டாம். நம் மாவட்டத்தின் பழைய கதையிலேயே இருக்கிறது.

நம் முன்னோர் வெக்கை என்று சொன்ன மாட்டு நோய் இன்று உலகில் இல்லை. மனிதரின் பெரியம்மைக்குப் பிறகு பூண்டோடு ஒழிக்கப்பட்ட ஒரே தொற்றுநோய் அதுதான். 2011 மே மாதம் உலக விலங்கு நல அமைப்பும், ஜூன் மாதம் ஐ.நா.வின் உணவு வேளாண்மை அமைப்பும் அதை உலகுக்கு அறிவித்தன. முதலாவது அமைப்பு பிறந்ததற்கே வெக்கைதான் காரணம். 1920இல் இந்தியாவிலிருந்து பிரேசிலுக்குக் கப்பலேறிய மாடுகள் நடுவழியில் பெல்ஜியத்தின் ஆன்ட்வெர்ப் துறைமுகத்தில் நோயைப் பரப்பின. அஞ்சிய நாடுகள் கூடிப் பேசி 1924இல் அமைத்துக்கொண்ட அமைப்பு அது.

அந்த வெக்கை இந்தியாவில் கடைசியாகப் பதிவானது 1995இல், இந்த மூன்று மாவட்டங்களும் ஒன்றாக இருந்த அன்றைய வட ஆற்காடு மாவட்டத்தில்.

இராணிப்பேட்டையும் அதே வட ஆற்காட்டில்தான் இருந்தது. அங்கே கால்நடை நோய்த் தடுப்பு மருந்து நிலையம் 1932இலேயே வந்துவிட்டது. வெக்கைக்கு மருந்து செய்யத்தான் அதைத் தொடங்கினார்கள். ஆக, அறுபது ஆண்டுகளுக்கு மேலாக மருந்து கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. அதைச் செய்யத் தெரிந்தவர்களும் இங்கேயே குடியிருந்தார்கள். ஊசி இருந்தால் போதும் என்றால், இந்தியாவில் வெக்கை முதலில் ஒழிந்திருக்க வேண்டிய மண் இதுதான். கடைசி நோய்க்கிளர்ச்சியோ இங்கே பதிவானது. ஊசிக் கணக்கை வைத்து மார்தட்டுகிற ஒவ்வொருவரும் முதலில் இதற்குப் பதில் சொல்ல வேண்டும்.

ஊசி வீண் என்று நான் சொல்லவில்லை. 1954இல் நாடு தழுவிய வெக்கை ஒழிப்புத் திட்டம் தொடங்கி, கோடிக்கணக்கான மாடுகளுக்கு ஊசி போட்டபோது நோய் வெகுவாகக் குறைந்தது. ஆண்டுக்கு ஆயிரக்கணக்கில் இருந்த நோய்க்கிளர்ச்சிகள் நூற்றுக்கணக்கில் இறங்கின. ஆனால் இறங்கிய இடத்திலேயே நின்றுவிட்டன. ஆண்டுக்கு ஆண்டு ஊசி ஏறியது, கணக்கு ஏறியது, நோய் மட்டும் எங்கோ ஒரு மூலையில் இருந்துகொண்டே இருந்தது. 1992இல் ஐரோப்பியக் கூட்டமைப்பின் உதவியோடு தேசிய வெக்கை ஒழிப்புச் செயல்திட்டம் வந்த பிறகுதான் வேலையின் போக்கு மாறியது. ஊர் ஊராகப் போய், உங்கள் ஊரில் வாயில் புண், கண்ணில் நீர், கழிச்சல் என்று மாடு ஏதாவது கிடந்ததா என்று கேட்டார்கள். கால்நடை மருந்தகங்களின் தினப் பதிவேடுகளைப் புரட்டினார்கள். மாட்டை நடத்திக்கொண்டு போகும் தடங்களில் நின்று விசாரித்தார்கள். கடைசியில், கேட்பவர் திடுக்கிடும்படி, ஊசியையே நிறுத்தினார்கள். ஊசி போட்ட மாட்டின் ரத்தமும் நோய் வந்து தேறிய மாட்டின் ரத்தமும் சோதனையில் ஒன்றுபோலவே காட்டும். ஊசி நடக்கிறவரை நோய் உண்மையில் இருக்கிறதா போய்விட்டதா என்பதை யாராலும் அறுதியிட்டுச் சொல்ல முடியாது. நிறுத்திவிட்டுத் தேடினார்கள். இல்லை என்று உறுதியானது. 2006இல் இந்தியா வெக்கைத் தொற்று அற்ற நாடு என்று ஏற்கப்பட்டது.

இந்தத் தேடலின் மதிப்பைக் காட்ட இன்னொரு செய்தியும் உண்டு. தென்னாட்டில் ஆடுகளுக்கு வந்த நோய்களில் பலவற்றை வெக்கை என்றே பதிவு செய்துவந்தார்கள். 1987இல் விழுப்புரம் பக்கத்து அரசூரில் ஆடுகளிடையே கண்ட நோயை ஆய்வகத்தில் பார்த்தபோதுதான், அது வெக்கை இல்லை, ஆட்டுக்கொல்லி என்று இந்தியாவில் முதன்முதலாகத் தெரிந்தது. எதிரி யார் என்றே தெரியாமல் எத்தனை காலம் போரிட்டிருக்கிறோம் என்று நினைத்துப் பாருங்கள்.

இப்போது கோமாரிக்கு வருவோம். 2019 செப்டம்பரில் மதுராவில் தொடங்கிவைக்கப்பட்ட தேசியத் திட்டத்துக்கு ஒதுக்கிய தொகை 13,343 கோடி ரூபாய். கோமாரியையும் கன்று வீச்சு நோயையும் 2030க்குள் ஒழிப்பது குறிக்கோள். நல்ல திட்டம், நான் வரவேற்கிறேன். ஆனால் அதன் வெற்றியை நாம் அளக்கும் முறைதான் கெட்டிருக்கிறது. ஒரு சுற்று முடிந்ததும், இத்தனை லட்சம் ஊசி, இத்தனை சதவீதம் என்று செய்தி வரும். கோமாரி ஊசியின் காப்பு ஏறத்தாழ ஆறு மாதம்தான். கன்றுக்கு முதல் ஊசிக்குப் பிறகு ஒரு மாதத்தில் இன்னொன்று போட வேண்டும். மருந்து 2 முதல் 8 டிகிரி குளிரில் இருந்தாக வேண்டும். சித்திரை வெயிலில் பேரணாம்பட்டு மலையடிவாரத்து ஊர் வரைக்கும் அது அப்படியே போய்ச் சேர்ந்ததா என்பதை எந்தச் சதவீதமும் சொல்லாது.

அதைவிட முக்கியமான ஒன்று இருக்கிறது. ஊசிக் கணக்கு ஊரை வைத்து எடுக்கிற கணக்கு. நோயோ ஊரில் கட்டிக் கிடக்கும் மாட்டைவிட நடக்கிற மாட்டோடுதான் அதிகம் போகும். வேலூருக்குப் பக்கத்தில் பொய்கையில் செவ்வாய்க்கிழமை கூடும் சந்தைக்குப் போய்ப் பாருங்கள். சித்தூர்ப் பக்கத்து மாடு, கோலார்ப் பக்கத்து மாடு, திருவண்ணாமலையிலிருந்து வந்த மாடு எல்லாம் ஒரே மைதானத்தில் மூச்சுக்காற்று படும்படி நிற்கும். துண்டுக்கு அடியில் விரல் பிடித்து விலை பேசி முடிந்ததும், மாலைக்குள் அவை நாலு திசைக்கும் பிரிந்துவிடும். வியாபாரியின் கையில் இருக்கும் அந்தச் சில நாட்களில் அந்த மாடு எந்த ஊரின் கணக்கிலும் இல்லை. தை தொடங்கி மாசி வரை ஊருக்கு ஊர் நடக்கும் மாடு விடும் விழாக்களுக்கு மாவட்டம் விட்டு மாவட்டம் போய்வரும் காளைகளும் அப்படியே. நூற்றுக்குத் தொண்ணூறு ஊசி என்று நாம் நிம்மதி அடைகிறோம். விடுபட்ட பத்து எந்தப் பத்து என்று பார்த்தால், மிக அதிகமாக நடமாடும் பத்தாகத்தான் அது பெரும்பாலும் இருக்கும்.

ஊசி தானே நோயைத் தூக்கிச் செல்லவும் கூடும். கோமாரி கிளம்பிய ஊரின் நடுவில் தொடங்கி, அதே செருப்போடும் அதே கையோடும் வெளியே நோக்கித் தொழுவம் தொழுவமாகப் போனால் வைரஸும் கூடவே போகும். தோல் கழலையில் ஒரே ஊசியால் பல மாட்டுக்குக் குத்தினால் கேட்கவே வேண்டாம். நோய் இல்லாத சுற்றூர்களில் தொடங்கி உள்ளே வர வேண்டும், மாட்டுக்கு மாடு ஊசி மாற்ற வேண்டும். இது கால்நடை மருத்துவர் எல்லாருக்கும் தெரியும். முந்தாநாள் நோய் கிளம்பியது, நாளைக்குள் ஆயிரம் ஊசி காட்ட வேண்டும் என்று மேலிருந்து நெருக்கும்போது தெரிந்தது எல்லாம் காற்றில் போகிறது. களத்தில் ஓடும் மருத்துவர்களையும் உதவியாளர்களையும் நான் குறை சொல்லவில்லை. எண்ணை மட்டும் கேட்பவர்களுக்கு எண் மட்டும்தான் கிடைக்கும்.

அடுத்து சந்தை மூடல். இதுவும் மறுக்கவே முடியாத மருந்து என்று நம்பப்படுகிறது. சரியான இடத்தில், சரியான நாளில், திறக்கும் தேதியையும் சொல்லி மூடினால் பயன் உண்டு, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் கோமாரி கண்ட மாடு வாயில் கொப்புளம் தெரிவதற்கு ஒன்றிரண்டு நாள் முன்பே வைரஸை வெளியேற்றத் தொடங்கிவிடும். பத்திரிகையில் செய்தி வந்து, ஆட்சியர் உத்தரவு வந்து, சந்தை வாசலில் தட்டி கட்டும் நேரத்தில், அதற்கு முந்தைய இரண்டு மூன்று சந்தைகளில் கைமாறிய மாடு ஊர்போய்ச் சேர்ந்திருக்கும். தாமதமாக வரும் மூடலால் நடப்பது என்ன? மாடு விற்றே ஆக வேண்டிய குடும்பங்கள் எப்போதும் இருக்கின்றன. பள்ளிக் கட்டணம், ஆஸ்பத்திரிச் செலவு, தீவனக் கடன் என்று யாருக்கோ அந்த வாரமே பணம் வேண்டும். சந்தை மூடியிருந்தால் வியாபாரம் தோப்புக்குள்ளும் புறவழிச் சாலை ஓரத்துக்கும் இரவுக்கும் போகிறது. சந்தையிலாவது ஒரு மருத்துவரை நிறுத்தலாம், காது வில்லை எண்ணைக் குறிக்கலாம். தோப்பில் எதைக் குறிப்பது? 2017 மே மாதம் மத்திய அரசு மாட்டுச் சந்தைகளுக்குக் கொண்டுவந்த விதிகளை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை நிறுத்திவைத்ததும், அந்த ஆண்டே உச்ச நீதிமன்றம் அந்தத் தடையை நாடு முழுமைக்கும் நீட்டித்ததும் நினைவிருக்கும். மாட்டை ஏற்றிச் செல்வதே குற்றம் என்ற அச்சத்தை அந்த நாட்கள் வியாபாரிகளின் மனதில் ஆழமாக விதைத்துவிட்டன. அதிகாரியைக் கண்டால் ஒதுங்குகிற ஒருவரிடம், நோயைக் கண்டால் அதிகாரியிடம் சொல் என்று நாம் கேட்கிறோம்.

மறைக்கிறார்கள் என்ற குற்றச்சாட்டு இருக்கிறதே, அதுதான் என்னை மிகவும் வருத்துவது. ஆம், மறைக்கிறார்கள். எதற்காக மறைக்கிறார்கள் என்று கேட்பவர்கள் மிகக் குறைவு. கால்நடைகளின் தொற்றுநோய்களுக்கான 2009ஆம் ஆண்டு மத்தியச் சட்டம், நோய் என்று ஐயம் வந்தால் தெரிவிப்பதை மாட்டின் சொந்தக்காரருக்குக் கடமையாக்குகிறது. நோய் மாட்டைத் தனியே கட்டச் சொல்கிறது. கட்டுப்பாட்டுப் பகுதி என்று அறிவித்தால் மாட்டை அங்கிருந்து அசைக்கக் கூடாது, சந்தை கூட்டக் கூடாது, மீறினால் தண்டனை. எல்லாம் நியாயமான விதிகள்தான். ஆனால் குடியாத்தம் பக்கத்தில் இரண்டு கறவை மாடு வைத்திருக்கும் ஒரு அம்மாவின் இடத்தில் நின்று பாருங்கள். வாயில் நுரை கண்டதும் அவர் மருந்தகத்துக்குச் சொல்கிறார். அன்றோடு அவர் பாலை யாரும் வாங்க மாட்டார்கள், அவர் மாட்டையும் வாங்க மாட்டார்கள். சந்தை மூடினால், "இவங்க போய்ச் சொன்னதாலதான்" என்று தெருவே அவரைப் பேசும். அந்த நாட்களின் நட்டத்தை யார் ஈடுசெய்வது? யாருமில்லை. சொல்லாமல் இருந்தால்? சீரகம், வெந்தயம், மஞ்சள், பூண்டு, வெல்லம் எல்லாம் அரைத்துத் தேங்காய்ப்பூவோடு சேர்த்து நாக்கில் தடவி, குளம்புப் புண்ணுக்கு எண்ணெய் போட்டுப் பத்துப் பதினைந்து நாளில் பெரிய மாட்டைத் தேற்றிவிடலாம். கன்று மட்டும் போகக்கூடும். சொன்னால் உறுதியாக நட்டம், சொல்லாவிட்டால் பிழைக்க வழி. கணக்கு தெரிந்த எவரும் எதைச் செய்வார்களோ அதையே அந்த அம்மாவும் செய்கிறார். இதற்கு அறியாமை என்று பெயர் வைப்பது அவமதிப்பு.

பறவைக் காய்ச்சலில் அரசு அழிக்கும் கோழிக்கு இழப்பீடு உண்டு. 2022இல் தோல் கழலை நாடெங்கும் ஒன்றரை லட்சத்துக்கு மேற்பட்ட மாடுகளைக் கொன்றபோது, கர்நாடகமும் மகாராஷ்டிரமும் இறந்த மாட்டுக்குப் பணம் தருவதாக அறிவித்தன. செத்த பிறகு தருவதும் நல்லதுதான். ஆனால் நோயைத் தடுப்பது செத்த மாட்டின் பணம் இல்லை, முதல் நாளில் வருகிற தகவல்தான். அந்தத் தகவலுக்கு விலை வைக்க வேண்டும். பெரியம்மையின் கடைசிக் கட்டத்தில் இந்தியா அதைச் செய்தது. புதிதாக ஒரு நோயாளியைக் காட்டித்தருபவருக்கு முதலில் ஐம்பது, நூறு என்று தொடங்கிய பரிசு 1975இல் 1,000 ரூபாய் ஆனது. பொய்ச் செய்தி குவியும் என்று அன்றும் சொன்னார்கள். வந்தன, வந்த ஒவ்வொன்றையும் போய்ப் பார்த்தார்கள். பார்த்ததால்தான் இனி நோய் இல்லை என்று துணிந்து சொல்ல முடிந்தது. ஒரு பொய்ச் செய்தியைப் போய்ப் பார்த்துத் திரும்பும் பெட்ரோல் செலவு, ஒரு மெய்ச் செய்தி வராமல் போவதால் வரும் செலவுக்கு உறைபோடக் காணாது.

மாட்டுக்காரர் ஒருவரையே நம்பி இருப்பதும் தவறுதான். அவர் சொல்லாவிட்டாலும் நோய் வேறு சிலர் கண்ணில் பட்டே தீரும். பால் கூட்டுறவுச் சங்கத்தில் காலையில் லிட்டர் எழுதுபவருக்கு, ஒரே தெருவில் நாலு வீட்டுப் பால் திடீரென்று பாதியாகக் குறைந்தது அன்றே தெரியும். தரகருக்கு எந்தப் பக்கத்து மாட்டை இப்போது வாங்கக் கூடாது என்பது எந்த அதிகாரிக்கும் முன்னே தெரியும். அறுப்புக்கூடத்தில் நாக்கையும் குளம்பையும் தினம் கையில் எடுப்பவருக்குத் தெரியும். பிரிட்டனில் 2001இல் அறுபது லட்சத்துக்கு மேல் கால்நடைகளைக் கொல்ல வைத்த கோமாரி, முதலில் எந்தப் பண்ணையாளரும் சொல்லித் தெரிந்ததில்லை. பிப்ரவரி 19 அன்று எஸ்ஸெக்ஸில் ஒரு அறுப்புக்கூடத்தில் பன்றிகளைச் சோதித்த மருத்துவரின் கண்ணில் பட்டது. நோய் தொடங்கியது எனக் கண்டறியப்பட்ட நார்தம்பர்லாந்துப் பண்ணைக்காரர் வாய் திறக்கவே இல்லை. பின்னால் நீதிமன்றம் அதற்காக அவரைத் தண்டித்தது. அழித்த மாட்டுக்குப் பணம் தருகிற நாட்டிலேயே அப்படி என்றால், அறுப்புக்கூடத்துக் கண் எவ்வளவு அவசியம் என்று பாருங்கள்.

இந்த இடத்தில்தான் தோல் தொழில் ஊர்களான ஆம்பூரும் வாணியம்பாடியும் பேரணாம்பட்டும் மேல்விஷாரமும் வருகின்றன. நோய்க் கண்காணிப்பைப் பற்றி எழுதுபவர்கள் தோல் தொழிலைப் பேசுவதே இல்லை; பேசினால், நோய் பரப்பும் இடம் என்று பேசுவார்கள். நானோ இந்தியாவின் மிகப் பெரிய கால்நடைப் பதிவேடுகளில் ஒன்று இங்கே தினம் விரித்துப் போடப்பட்டு, யாரும் படிக்காமல் சாயமேறிப் போகிறது என்கிறேன். ஆட்டம்மை வந்து தேறிய ஆட்டின் தோலில் அம்மை வடு இருக்கும். உயிரோடு இருக்கும்போது மயிர் மூடியிருப்பதால் தெரியாது, சுண்ணாம்பில் மயிர் கழன்றதும் பளிச்சென்று தெரியும். தோல் கழலையின் கட்டி தோலின் முழுக் கனத்துக்கும் இறங்குவது, ஆறினாலும் தழும்பு நிற்கும். உண்ணிக் கடி, சொறி, சூடு எல்லாவற்றையும் விரலால் தடவியே பிரித்துத் தரம் போடத் தெரிந்தவர்கள் நம் டேனரிகளில் தலைமுறை தலைமுறையாக இருக்கிறார்கள். அம்மை வடு இருந்தால் தரம் இறங்கும், விலை இறங்கும், ஆகவே அவர்கள் கண் தவறாது. பெரியமேட்டிலிருந்தும் ஈரோட்டிலிருந்தும் வெளிமாநிலங்களிலிருந்தும் வரும் சரக்கில், இந்த மாதம் எந்தப் பக்கத்துத் தோலில் வடு கூடியிருக்கிறது என்பதை அவர்கள் பேச்சுவாக்கில் சொல்வார்கள். கேட்டு எழுதிக்கொள்ள ஆளில்லை.

தோல் கழலை இந்தியாவில் 2019இல் ஒடிசாவில் தென்பட்டது. அடுத்த ஆண்டே தமிழ்நாடு உட்படப் பல மாநிலங்களில் இருந்தது. குஜராத்திலும் ராஜஸ்தானிலும் மாடுகள் கொத்துக் கொத்தாகச் செத்தது 2022இல். நடுவில் மூன்று ஆண்டு. அந்த மூன்று ஆண்டில் நோய் எங்கே, எவ்வளவு, எந்தத் திசையில் என்று தோல் மண்டிகளில் ஒரு வரைபடம் போட்டிருக்க முடியும்.

உடனே ஒரு மறுப்பு வரும்: தோல் சொல்வது பழைய செய்தி, நோய் வந்துபோன பிறகுதானே வடு தெரியும்? உண்மை. கோமாரியைத் தோல் பிடிக்காது, அதற்குப் பால் சங்கமும் அறுப்புக்கூடமும் வேண்டும். ஆனால் தோல் கழலையிலும் ஆட்டம்மையிலும், இந்த வட்டாரத்தில் நோயே இல்லை என்று அறிக்கை போயிருக்க, அங்கிருந்து வந்த தோலில் வடு குவிந்தால், அறிக்கை பொய் என்று தெரிந்துவிடும். அது போதும். இன்னொரு மறுப்பு: எந்த ஊர்த் தோல் என்று எப்படித் தெரியும்? இப்போது தெரியாதுதான். மாட்டின் காதில் பன்னிரண்டு இலக்க எண்ணோடு வில்லை மாட்டுகிறோம், அறுக்கும் இடத்தில் அது காதோடு கழிவில் போகிறது. அந்த எண்ணை அறுப்புக்கூடத்தில் குறித்துக்கொண்டு, தோலுக்கு உப்புப் போடும்போது ஒரு சீட்டைக் கட்டி அனுப்புவதற்கு ஆராய்ச்சி எதுவும் வேண்டாம். இன்று ஐரோப்பாவுக்குச் செருப்புத் தோல் அனுப்புபவர்கள் அது எங்கிருந்து வந்தது என்று வாங்குபவர்களுக்குச் சொல்ல வேண்டிய நிலை வந்துகொண்டிருக்கிறது. அந்தச் சீட்டு அவர்களுக்கும் பயன்படும்.

தோலைப் பற்றிப் பேசும்போது அடைப்பான் நோயைச் சொல்லாமல் விட மனமில்லை. வேலூர், சித்தூர்ப் பக்கத்து மண்ணுக்கு அது பழைய நோய். அதன் வித்து மண்ணில் பல பத்தாண்டுகள் சாகாமல் கிடக்கும். அடைப்பானில் செத்த மாட்டை அறுக்காதே, தோலை உரிக்காதே, ஆழக் குழி தோண்டிச் சுண்ணாம்பு போட்டுப் புதை என்பது விதி. விதி சரி. புதைத்தவருக்கு என்ன கிடைக்கிறது? மாடும் போய், தோல் காசும் போய், குழிக்கூலியும் கைப்பணம். ஆகவே உரிக்க ஆள் கூப்பிடுகிறார்கள். வருவது யார்? செத்த மாட்டைத் தூக்கும் வேலையைச் சாதி சுமத்திய மக்கள்தான். கையில் கறுத்த புண்ணோடு ஆஸ்பத்திரிக்குப் போகிறவரும் அவரே, பிறகு, நோய் பரப்பினான் என்று பேச்சு வாங்குகிறவரும் அவரே. செத்த மாட்டை முதலில் தொடுகிற அவருக்குத்தான் அந்த வட்டாரத்தில் எந்த மாடு எப்படிச் செத்தது என்பது எவரையும்விட நன்றாகத் தெரியும். அவரைக் கேட்டு, மதித்து, கையுறையும் கூலியும் கொடுத்து, நோய்க் கண்காணிப்பில் முறையாகச் சேர்த்தால், இராணிப்பேட்டையில் தயாராகும் அடைப்பான் மருந்து எந்த ஊருக்கு முதலில் போக வேண்டும் என்பது தெரிந்துவிடும்.

பணம் எங்கே என்பார்கள். கோமாரி ஒழிப்புத் திட்டத்துக்கு ஒதுக்கும் தொகையில் ஒரு சிறு பங்கு போதும். முதல் தகவல் தந்தவருக்குப் பரிசு, நோய் உறுதியான ஊரில் மாட்டை அசைக்காமல் வைத்திருக்கும் நாட்களுக்குப் பால் கிரயத்தில் ஈடு, மூடும் சந்தைக்குத் திறக்கும் தேதி, பால் சங்கத்திலும் அறுப்புக்கூடத்திலும் தோல் மண்டியிலும் வாரம் ஒரு குறிப்பு. அடுத்த சுற்று ஊசி முடிந்து செய்தியாளர்களைக் கூட்டும்போது, எத்தனை ஊசி என்பதற்கு முன்பாக, எத்தனை பேர் தாமாக வந்து நோயைச் சொன்னார்கள், அவர்களுக்கு எத்தனை நாளில் பணம் போய்ச் சேர்ந்தது என்று மூன்று மாவட்ட ஆட்சியர்களும் சொல்ல வேண்டும் என்று கேட்கிறேன்.